நிலா வெளிச்சத்தில் கொழுந்து

என் நாத்தனார் மேல் இருந்த கடுப்பில்தான் அந்த வாசிப்புச் சவாலில் சேர்ந்தேன். வாசிப்பின் மேல் எனக்குத் தீராத காதல் என்று குழுவில் எழுதிய அறிமுகம் பொய். எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள், நானும் எழுதி வைத்தேன்.

அதற்கு முந்தின வருடக் கடைசியில் ஃபேக்டரிப் படியில் வழுக்கி விழுந்து இடது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், தூளைப் பொட்டலம் போடும் பகுதியில் எனக்கு வேலை. மழையில் நனைந்த படி, புதுச் செருப்பு, கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். பொட்டலத்தைக் காப்பாற்றிவிட்டேன். டாக்டர் மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் எம்.சி. விடுப்பு கொடுத்தார். மகள் பினாங்கில் படிக்கிறாள். என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றிக்கொண்டு ஒரு நாள் ஈப்போ, மறுநாள் கோலாலம்பூர் என்று இறங்கிப் போய்விடுவார். வீட்டில் நானும் என் காலும் கைப்பேசியும்தான்.

நாத்தனார் ஈப்போவில் ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. படிப்பு, வேலை, பேச்சு எல்லாவற்றிலும் நல்ல பிள்ளை. அவளிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான். ஜனவரி முதல் வாரம் முகநூலில் அவள் ஒரு படம் போட்டிருந்தாள். ஒரு புத்தகம், பக்கத்தில் காப்பி, காப்பிக்குப் பக்கத்தில் ஒரு பூ. கீழே நீளமாக என்னவோ எழுதியிருந்தாள். ஒரு நாளில் அந்தப் படத்துக்கு விழுந்த இதயங்களை என் கல்யாணப் படத்துக்குக்கூட யாரும் போட்டதில்லை.

என்ன ஏது என்று தேடிப் பார்த்தேன். ஒரு வாசிப்புச் சவால் குழுவுக்காகப் போட்ட படமாம். நாடு முழுவதும் உள்ள தமிழ் வாசகர்கள் சேர்ந்திருந்த குழு அது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தினார். எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தார்கள். மாதம் ஒரு தலைப்பு தருவார். ஜனவரிக்குத் தலைப்பில் நிறம் உள்ள புத்தகம், பிப்ரவரிக்கு உங்களைவிட வயதில் சிறியவர் எழுதிய புத்தகம், இப்படி. படித்து முடித்து, படம் பிடித்து, பத்து வரிக்குக் குறையாமல் எழுத வேண்டும். பன்னிரண்டு மாதமும் விடாமல் செய்தால் மயிலிறகு போட்ட சான்றிதழ் உண்டு. எனக்கு மயிலிறகு வேண்டாம். நாத்தனார் வாங்கும்போது நான் வாங்காமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

புத்தகத்துக்கு வீட்டுக்காரரைப் பிடித்தேன். ஈப்போ சந்தையில் காய்கறி இறக்கியதும், பக்கத்துத் தெருவில் இருந்த தமிழ்ப் புத்தகக் கடையில் நான் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டி வாங்கி வர வேண்டும்.

"கோபிஸ் காய்கறின்னு ஏத்திட்டுப் போயி புத்தகம் ஏத்திட்டு வரேன். மத்த டிரைவருங்க கேட்டா நான் என்னலா சொல்றது?" என்றார்.

"பொண்டாட்டிக்கு மருந்துன்னு சொல்லுங்க."

"என்னா சீக்குன்னு கேப்பானுங்களே."

"பொறாமைன்னு சொல்லுங்க. எல்லாருக்கும் புரியும்."

என் புத்தகங்கள் எல்லாம் வெங்காயத்தாள் வாசனையோடு வந்து சேர்ந்தன. ஒரு கவிதைத் தொகுப்பின் நடுவில் செலரி இலை ஒன்று நசுங்கிக் கிடந்தது. அதைப் படம் பிடித்துப் போட்டேன். இயற்கையோடு இயைந்த வாசிப்பு என்று டீச்சர் பாராட்டினார்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிப்ரவரியில் மாவுக்கட்டைப் பிரித்து வேலைக்குத் திரும்பியபோது, பையில் புத்தகம் இல்லாமல் போக முடியவில்லை. எங்கள் ஃபேக்டரியில் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் நின்று எங்களைப் படம் பிடிப்பார்கள். முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது கை பாட்டுக்கு வேலை செய்ய, மனம் பாட்டுக்கு முந்தின நாள் விட்ட பக்கத்தில் நின்றது. யார் படம் பிடித்தார்கள் என்றே தெரியவில்லை.

ஏப்ரல் மாதத் தலைப்பு ஐந்நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம். வீட்டுக்காரர் கொண்டு வந்து மேசையில் வைத்தபோது மேசை ஆடியது. அந்த மாதம் ஃபேக்டரியில் ஓவர்டைம் வேறு. முதல் அறுபது பக்கம் படித்தேன். அதற்கு மேல் குடும்பம் பெருத்துக்கொண்டே போனது, யார் யாருக்குச் சித்தப்பா என்று கணக்கு வைக்க முடியவில்லை. நேராகக் கடைசி இருபது பக்கத்துக்குப் போனேன். மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஒரு விமர்சனம் எழுதினேன். 'காலம் என்னும் நதியில் மனிதர்கள் சருகுகளாக' என்று தொடங்கி இருபது வரி. எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. அந்த மாதத்தின் சிறந்த பதிவு என்று டீச்சர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, அருமையா எழுதிருக்கீங்க. நடுவுல அந்தத் தம்பி செத்துப் போவானே, அந்த எடம் எப்படி இருந்துச்சு?"

"ஐயோ, அத ஏன் கேக்கற. ரெண்டு நாளா எனக்குச் சோறே எறங்கல."

"அந்தக் கதையில தம்பியே இல்ல அண்ணி."

அந்தப் பக்கம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். நல்ல பிள்ளை ஒருத்தியிடம் நம் குட்டு ஒன்று சிக்கிக்கொள்வதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

ஜூன் மாதத் தலைப்பு தேயிலை. 'நம் குழுவிலேயே ஒரு மலைவாசகி இருக்கிறார், அவர் பதிவுக்காகக் காத்திருப்போம்' என்று டீச்சர் வேறு எழுதிவிட்டார். பலரும் ஒரே நாவலைத்தான் படித்தார்கள். நம் நாட்டு எழுத்தாளர் ஒருவர் எழுதி அண்மையில் வந்தது. அட்டையில் பச்சை மலை, பனி, முதுகில் கூடையோடு ஒரு பெண். நானும் அதையே படித்தேன். இந்த முறை ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. தாண்ட முடியவில்லை, சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. கையில் பென்சிலை எடுத்தேன்.

பிறகு எழுதினேன்: 'இந்த நாவலில் கதாநாயகி நிலா வெளிச்சத்தில் கொழுந்து எடுக்கிறாள். எங்கள் தோட்டத்தில் யாராவது அப்படி எடுத்தால் கங்காணி வேப்பிலையோடு வந்து நிற்பார். களைத்துப் போனதும் அவள் தேயிலை மர நிழலில் சாய்ந்து உட்காருகிறாள். தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான். அதன் நிழல் வேண்டுமென்றால் படுக்க வேண்டும். படுத்தால் அட்டை ஏறும். ஒரு புலி மூன்று அத்தியாயங்களில் உறுமுகிறது, ஒரு தடவைகூட வெளியே வரவில்லை. எங்கள் மலையில் ஜாமில் மாட்டிக்கொண்ட பஸ் டிரைவர்தான் அப்படி உறுமுவார்.'

குழு கொந்தளித்துவிட்டது. உங்களுக்கு இதயமே இல்லையா என்றார் ஒருவர். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தேயிலைத் தொழிலாளியின் வலி எப்படிப் புரியும் என்றார் இன்னொருவர். எங்கள் ஊர்க் குளிரில் ஏசி வைத்தால் பைத்தியம் என்பார்கள். 'நான் தேயிலைத் தொழிலாளிதான். வலி இடது கணுக்காலில்' என்று பதில் போட்டேன். அத்தாட்சி கேட்டார்கள். நீலச் சட்டை, தலையில் வலைத்தொப்பி, பின்னால் பொட்டலம் கட்டும் இயந்திரம் என்று ஃபேக்டரியில் எடுத்த படத்தை அனுப்பினேன்.

'தேயிலைத் தொழிலாளி மாதிரித் தெரியவில்லையே. கூடை எங்கே?' என்று கேட்டார் ஒரு சகோதரி.

இரண்டு நாள் கழித்துத் தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் அந்த நாவலை எழுதியவரே. 'அம்மா, உங்கள் பதிவைப் படித்தேன். பிழைகளை முழுதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அனுமதித்தால் நேரில் வருகிறேன்' என்று இருந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"அடிக்க வராரோ?" என்றார்.

"எழுத்தாளருங்க அடிக்க மாட்டாங்க."

"நீ கண்டியா? எதுக்கும் லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கேன்."

இது டீச்சர் காதுக்கு எட்டியதும் சுற்றுலாவாக மாறியது. அடுத்த பள்ளி விடுமுறையில் குழுவில் எட்டுப் பேர் ஒரு வேன் பிடித்து வருவது, எழுத்தாளரும் அதில் வருவது, என் வீட்டில் சந்திப்பு. நாத்தனாரும் பெயர் கொடுத்திருந்தாள்.

காலை ஒன்பதுக்கு வர வேண்டியவர்கள் பகல் பன்னிரண்டுக்கு வந்தார்கள். தாப்பாவிலிருந்து ஏறும் வளைவுகளில் எழுத்தாளருக்குத் தலை சுற்றி, இரண்டு தடவை வாந்தி. இரண்டாவது ரிங்லெட்டில், ஒரு பூக்கடை வாசலிலேயே. அதன்பின் கியா பார்மில் ஒன்றரை மணி நேரம் ஜாம். அந்தச் சாக்கில் மற்றவர்கள் இறங்கி ஸ்ட்ராபெரி வாங்கித் தின்றிருக்கிறார்கள். வேன் கதவு திறந்ததும் முதலில் இறங்கியது அவர்தான். அறுபது வயதைத் தாண்டிய, மெலிந்த, குள்ளமான மனிதர். முகம் அவர் புத்தகத்து அட்டையைவிடப் பச்சையாக இருந்தது. அடிப்பாரோ என்று வாசலில் நின்ற என் வீட்டுக்காரர்தான் அவரைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தார்.

மற்றவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். வரிசையாகக் கட்டிய லயத்து வீடுதான், ஆனால் டைல்ஸ் போட்டு, பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டியிருந்தோம். வாஷிங் மெஷினைப் பார்த்ததும் ஒரு சகோதரியின் முகம் விழுந்துவிட்டது.

"பழைய வீடு எதுவும் இல்லையாங்க?"

"கடைசில ஒண்ணு இருக்குங்க. அதுல இப்ப ஆடு கட்டிருக்காங்க."

எல்லோரும் ஓடிப்போய் அதைப் படம் எடுத்தார்கள். டீச்சர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "தோட்டத்துலயே குடிக்கிற ருசி தனிதான்" என்றார். அது ஈப்போ சூப்பர்மார்க்கெட்டில் நாத்தனார் போன மாதம் வாங்கி வந்த டீ பேக். நான் அவளைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள்.

கொழுந்து எடுப்பதைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மலைச்சரிவுக்குக் கூட்டிப் போனேன். எழுத்தாளர் மட்டும் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. இஞ்சி தட்டிப் போட்டு, பாலில்லாத தே ஓ ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, துணைக்கு நாத்தனாரை விட்டுவிட்டுப் போனேன். சரிவில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் வரிசைக்கு இரண்டு பேராக இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு செடி மேல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சத்தத்தில் டீச்சர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அதில் ஒருவன் என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். "அக்கா, கால் நல்லா இருக்கா? சாப்ட்டாச்சா?" என்றான். அவன் தமிழைக் கேட்டுக் கூட்டமே வாயைப் பிளந்தது. அவர்களை அங்கேயே படம் எடுக்க விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

எழுத்தாளருக்கு முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது.

"புத்தகத்தக் கொண்டாங்கம்மா. அதுக்குத்தான வந்தேன்."

பென்சில் கோடு போட்ட பிரதியைக் கொண்டு வந்து வைத்தேன். முகநூலில் ஒரு மனிதரைக் கிழிப்பது சுலபம். அவர் நம் வீட்டு நாற்காலியில் நம் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவு சுலபமில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இது என்னம்மா?"

"ஒரு மொட்டு, ரெண்டு எலை சார். நீங்க அஞ்சு எலை எடுக்க வச்சிருக்கீங்க. அது கொழுந்து இல்ல, கீரை."

எழுதிக்கொண்டார். கோபமே வரவில்லை. குளிருக்கு யாரும் வெறுங்காலோடு வேலைக்குப் போவதில்லை என்றேன், எழுதிக்கொண்டார். நிலா வெளிச்சத்துப் பக்கம் வந்தது. பேனாவை மூடினார்.

"இது தப்பில்லம்மா."

"சார், நிலாவுல எப்படி..."

"எங்கம்மா போவாங்க. பால்மரம் சீவுனவங்க. விடியறதுக்கு ரொம்ப முன்னாலயே நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டுப் போவாங்க. நல்ல நெலா இருந்தா லைட்ட அணைச்சுருவாங்க. அந்த நெழலும் ரப்பர் மரத்து நெழல்தான். புலிய நாங்க யாரும் பாத்ததில்ல. சத்தம் மட்டும்தான் கேப்போம்."

நாத்தனார் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே வைத்துவிட்டாள். நான் சிரித்த ஒவ்வோர் இடமும் வரிசையாக என் முன்னால் வந்து நின்றது.

"அப்ப ரப்பர்னே எழுதிருக்கலாமே சார். ஏன் தேயிலைக்கு மாத்துனீங்க?"

"எங்க தோட்டம் இருந்த எடத்துல இப்ப தாமான் வந்துருச்சு, எல்லாம் கல்லு வீடு. போயி நின்னு பாக்க ஒரு மரங்கூட இல்ல. தேயிலை இன்னும் இருக்கு. அட்டையில போட்டாலும் பச்சையா அழகா இருக்கும்."

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லல. நானே நெனச்சுக்கிட்டேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. அந்த அம்மாவின் கதையைச் சொல்ல எங்கள் மலையை இரவல் சட்டையாக மாட்டிவிட்டிருக்கிறார். அந்தச் சட்டை அந்த அம்மாவுக்கும் சரியாகப் பொருந்தவில்லை, எங்களுக்கும் இல்லை.

"உங்கம்மாவ இங்க வேலைக்குக் கொண்டாந்து விட்டுட்டீங்க. அவங்களுக்கு இந்தக் குளிரு எப்படி சார் தாங்கும்?" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதிகப்படியோ என்று தோன்றியது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். போர்வை நழுவி விழும் அளவுக்குச் சிரித்தார். கடைசியில் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து போய் ஏற்கெனவே அணைந்திருந்த அடுப்பை இன்னொரு தடவை அணைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சார், அண்ணி எல்லாப் புத்தகத்தையும் இப்படி கோடு போட்டுப் படிப்பாங்கன்னு நெனச்சுராதீங்க" என்று தொடங்கி, இல்லாத தம்பியின் சாவு வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சரியாக அப்போதுதான் டீச்சர் ஷூவில் சேற்றோடு வாசல்படியில் நின்றார்.

"என் புத்தகத்தயாவது முழுசா படிச்சீங்களாம்மா?" என்று எழுத்தாளர் கேட்டார்.

"ரெண்டு தடவ சார். குத்தம் கண்டுபிடிக்கணும்னா முழுசா படிச்சாகணுமே."

"அப்ப எனக்குப் போதும்" என்றார்.

டீச்சருக்குப் போதவில்லை. அன்று மாலையே என் ஏப்ரல் பதிவை நீக்கினார். டிசம்பருக்குள் அந்தப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்து மறுபடி எழுதினால் சேர்த்துக்கொள்வதாகத் தண்டனை. படித்தேன். இரண்டு மாதம் ஆனது. நடுப்பகுதி உண்மையிலேயே இழுவை. தாண்டிப் போனது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதைச் சொல்லும் தகுதி மட்டும் முன்பு எனக்கு இல்லை. இந்த முறை நதி, சருகு எதுவும் இல்லாமல், இழுவை என்று காரணத்தோடு எழுதினேன். அதை யாரும் சிறந்த பதிவாகத் தேர்ந்தெடுக்கவில்லை. சான்றிதழ் வந்தது, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. நாத்தனாருடையதில் பிழை இல்லை. வாராவாரம் போனில் புத்தகங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்கிறோம். அவள் முன்பு மாதிரி அவ்வளவு நல்ல பிள்ளையாகத் தெரிவதில்லை, அதனால் பேச வசதியாக இருக்கிறது.

இந்த வருடத் தொடக்கத்தில் எழுத்தாளர் என் கைப்பேசிக்கு ஓர் அத்தியாயம் அனுப்பினார். ரப்பர்த் தோட்டம், ஓர் அம்மா, விடியாத காலை. பென்சிலைக் கூராகச் சீவி வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குறிப்பு. ரப்பரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? மதிய உணவு நேரத்தில் கேன்டீனில் அதை வாய்விட்டுப் படித்தேன். எங்கள் பகுதியில் ஓய்வு பெறும் வயதில் ஓர் அக்கா இருக்கிறார். கல்யாணமாகி இந்த மலைக்கு வரும் முன் பேராக் பக்கம் மரம் சீவியவர். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் நிமிர்ந்தார்.

"எல்லாம் சரிதான். கத்திய எந்தக் கையில புடிச்சாங்கன்னு எழுதலியே. கேளு அவர."

அப்படியே தட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'இடது கை. அம்மா இடக்கைக்காரி. இதை எப்படி விட்டேன்?'

படித்துக் காட்டினேன். அக்கா தட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்ப அந்தம்மா பட்ட பாடு கொஞ்சமில்ல. கத்தியும் சோத்துக் கைக்கு செஞ்சது, மரத்துல கோடும் சோத்துக் கைக்குப் போட்டது. நெதம் கங்காணிகிட்ட ஏச்சு வாங்கிருப்பாங்க. அத எழுதச் சொல்லு."

அதையும் அனுப்பினேன். மணி அடித்தது. வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு இருவரும் உள்ளே போனோம்.